பழைய கோடு: தொடாமல் விடுவதா, திருத்துவதா, திரும்ப எழுதுவதா?

சுரண்டையில் விதை, உரக் கடை ஒன்றின் பில் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் போன மாதம் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். 2010இல் வேறு யாரோ பிஎச்பி மொழியில் எழுதிய கோடு, அதாவது புரோகிராமின் மூல எழுத்து. டேட்டாபேஸ், கணக்கு, பில் அச்சடிப்பது எல்லாம் ஒரே ஃபைலுக்குள். ஒரு இடத்தில் டேப், இன்னொரு இடத்தில் நான்கு ஸ்பேஸ், அப்புறம் இரண்டு. கோடை ஓட்டி, வரும் விடையைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட் என்று ஒன்றுகூட இல்லை. "அண்ணே, இதைப் பூராத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிரட்டுமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

அதே வாரம் கங்கைகொண்டான் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி போன் செய்தாள். அவர்கள் கையில் இருப்பது பைத்தான் கோடு, வயது பன்னிரண்டு வருடம். "எல்லா ஃபைலையும் ஒரே நாள்ல ஃபார்மேட் பண்ணி, புது ஸ்டைலுக்கு மாத்திரலாம்னு டீம்ல சொல்றாங்க. சரிதானா அண்ணே?"

இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கிடைத்த நேரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையின் புரோகிராமை 2014 முதல் பார்த்து வருகிறேன். எழுதப்பட்டது 2008இல், ஏறக்குறைய 11,000 வரி. கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளையும் அந்த ஒரே புரோகிராமின் வெவ்வேறு பகுதிகளில் செய்து பார்த்துவிட்டேன். சிலது பலித்தது, சிலது அடி வாங்கித் தந்தது.

## எதை வைத்து எடை போடுவது

கோடு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது காரணமே ஆகாது. நான் ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி, இந்த ஃபைல் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது? மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில் வைத்திருந்தால் எந்த ஃபைலில் எத்தனை கமிட் (பதிந்த மாற்றம்) விழுந்திருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். ஆலைப் புரோகிராமில் 64 ஃபைல்கள். மூன்று வருட மாற்றங்களை எண்ணிப் பார்த்தபோது பெரும்பகுதி 5 ஃபைல்களில்தான் விழுந்திருந்தது. பாதிக்கு மேற்பட்ட ஃபைல்களை யாரும் தொடவே இல்லை. இந்த எண்ணிக்கையை எடுக்காமல் ஒரு முடிவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, தவறினால் யாருக்கு வலிக்கும்? முகவரி லேபிள் கோணலாக அச்சானால் திரும்ப அச்சடிக்கலாம். நெல் கொண்டுவந்த சம்சாரிக்குக் கொடுக்கவேண்டிய தொகையில் 40 ரூபாய் குறைந்தால், அடுத்த அறுவடைக்கு அவர் வேறு ஆலைக்குப் போய்விடுவார். ஆலை அண்ணாச்சி என்னிடம் முதல் நாளே சொன்னது இது: "தம்பி, ஸ்கிரீன் எப்படி வேணாலும் இருந்துட்டுப் போவுது. துட்டு மாறுச்சுன்னா ஏவாரம் போச்சு."

மூன்றாவது, விதிகள் எங்கே இருக்கின்றன? எழுதி வைத்த ஆவணத்தில் இருக்கலாம், ஒரு பெரியவர் தலைக்குள் இருக்கலாம், கோடுக்குள் மட்டுமே இருக்கலாம். கடைசி வகைதான் பெரும்பாலும்.

நான்காவது, அடியில் இருக்கும் தரை, அதாவது கோடு ஓடும் மொழிப் பதிப்பு, இன்னும் நிற்கிறதா? பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றன. 7.4க்கு 2022 நவம்பரில். பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1. உங்கள் கோடு இவற்றின்மேல் நின்றால் "அப்படியே விடுவது" என்ற வழிக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது.

ஐந்தாவது கேள்வியை நான் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது. வேலை பாதியில் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? சின்ன ஊர் வேலையில் இது நடந்தே தீரும். பிசான அறுவடை வந்துவிடும், ஆலையில் இரவு பகலாக லாரி நிற்கும், யாரும் புரோகிராமைத் தொட விடமாட்டார்கள். அல்லது உங்களுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிடும். நான்கு மாதம் உழைத்துப் பாதியில் விட்டால் அந்த நான்கு மாதமும் பயன்பட வேண்டும். ஒரு வழியை எடை போடும்போது இதற்கு மற்ற நான்கையும்விடக் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

## முதல் வழி: தொடாமல் விடுவது

இதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். மாறாத கோடு, சரியாக ஓடும் கோடு, தரையும் பத்திரம் என்றால் விடுவதுதான் சரியான முடிவு. ஆலையில் லாரி வாடகைச் சீட்டு அச்சடிக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது. 2008க்குப் பிறகு இரண்டே முறை மாறியது. வேரியபிள் பெயர்கள் எக்ஸ், எக்ஸ்1, எக்ஸ்2 என்று இருக்கும். பார்த்தால் கை துறுதுறுவென்று வரும். தொடவில்லை. அந்த இரண்டு நாளை வேறு ஃபைலுக்குச் செலவழித்தேன்.

மறைந்திருக்கும் செலவு, தரை திடீரென்று மாறும்போது மொத்தமாக வந்து விழும். 2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலி சந்திப்புக்குள் வந்தது. ஆலைக்காரர்களின் மண்டி சந்திப்பை ஒட்டித்தான். பில் போடும் கம்ப்யூட்டர் மேசையோடு தண்ணீருக்குள் போய்விட்டது. டேட்டாவின் நகல் அம்பாசமுத்திரத்தில் இருந்ததால் தப்பித்தோம். ஆனால் அவசரத்துக்கு வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் பிஎச்பி 8 போட்டேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்தது 7.

பில் கணக்கிடும் பகுதிக்கு அதற்கு முன்பே டெஸ்ட் எழுதி வைத்திருந்தேன். அதை ஓட்டினேன், உடைந்த இடங்கள் வரிசையாகத் தெரிந்தன, இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பேரேட்டுப் பகுதியை "ஓடுகிறதே" என்று தொடாமல் விட்டிருந்தேன். அதற்கு டெஸ்ட் இல்லை. அது எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் ஓடியது. மூன்று நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்: "ரொக்கத்துக்கு வித்ததெல்லாம் கடன்ல ஏறி நிக்கு."

காரணம் ஒரே வரி. வாடிக்கையாளர் எண் 0 என்றால் ரொக்கம் என்று கோடு சொல்லும். கணக்குப்பிள்ளை சில நேரம் 0 அடிப்பார், சில நேரம் ரொக்கம் என்று எழுத்தில் அடிப்பார், சில நேரம் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார். பிஎச்பி 7 வரை, எண்ணாக மாற்ற முடியாத எழுத்தையும் வெறுமையையும் 0 உடன் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் "சமம்" என்றே வரும். பிஎச்பி 8இல் அந்த நடத்தை மாறிவிட்டது. எழுத்து 0க்குச் சமமில்லை. மூன்று பழக்கத்தில் இரண்டு அன்றோடு உடைந்தன. பதினைந்து வருடமாக ஒரு விதி, அதை விதி என்று யாருக்குமே தெரியாமல், மொழியின் ஒரு பழக்கத்துக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

ஆகவே தொடாமல் விடுங்கள், ஆனால் இரண்டு காரியத்தை மட்டும் செய்துவிட்டு விடுங்கள். கோடையும் டேட்டாவையும் வேறு ஊரில் ஒரு நகல் வையுங்கள். பிஎச்பியோ பைத்தானோ, எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று எழுதி வையுங்கள்.

## இரண்டாம் வழி: ஃபார்மேட்டரை மட்டும் ஓட்டுவது

செலவு மிகக் குறைவு, பலன் உடனே தெரியும். ஃபார்மேட்டர் என்பது கோடின் இடைவெளியையும் வரி அமைப்பையும் தானாக ஒழுங்காக்கும் கருவி: பைத்தானுக்குப் பிளாக் அல்லது ரஃப், பிஎச்பிக்குப் பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்ஸர். ஒரு மதியத்தில் எல்லா ஃபைலும் ஒரே ஸ்டைலுக்கு வந்துவிடும். இடைவெளியைப் பற்றி டீமுக்குள் சண்டை இருக்காது. பாதியில் நின்றாலும் நஷ்டமில்லை.

கங்கைகொண்டான் தங்கச்சிக்கு இதில் மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு மறைந்துவிடும். கிட் பிளேமில் எல்லா வரிக்கும் ஃபார்மேட் செய்தவர் பெயரே நிற்கும். பழைய கோடில் அந்த வரலாறுதான் ஆவணம். இதற்கு வழி உண்டு. ஃபார்மேட்டை மட்டும் தனிக் கமிட்டாகப் போட்டு, அந்தக் கமிட்டின் எண்ணை ஒரு ஃபைலில் எழுதிக் கிட்டிடம் "இதைக் கணக்கில் எடுக்காதே" என்று சொல்லிவிடலாம். கிட் 2.23இலிருந்து, அதாவது 2019 முதல், இந்த வசதி இருக்கிறது. ஃபார்மேட்டையும் கோடு மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். கலக்கவே கூடாது.

இரண்டு, டீமில் வேறு பிராஞ்ச்கள் (கோடின் தனிக் கிளைப் பிரதிகள்) திறந்து கிடந்தால் ஒவ்வொன்றும் மோதும். எல்லாவற்றையும் சேர்த்து முடித்த நாளின் சாயங்காலம் ஓட்டுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஃபார்மேட்டர் என்ற பெயரில் நடத்தையையும் மாற்றும் விதிகள் சில உள்ளே இருக்கும். பிளாக் தன் வேலை முடிந்ததும் கோடின் அமைப்பு முன்பு இருந்ததற்குச் சமமா என்று தானே சரிபார்க்கும், அதை நம்பலாம். பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்ஸரில் "ரிஸ்கி" என்று பிரித்து வைத்த விதிகள் உண்டு, நாமாக இயக்கினால்தான் வரும். இரட்டைச் சமக்குறியை மூன்று சமக்குறியாக மாற்றுவது அதில் ஒன்று. மூன்று போட்டால் மதிப்போடு, எண்ணா எழுத்தா என்ற வகையும் ஒத்திருக்க வேண்டும். இன்றைய ஸ்டைலுக்கு மூன்று சமக்குறிதான் அழகு. ஆனால் மேலே சொன்ன ரொக்கக் கதையை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வராமலே அதே பிழையை நானே ஒரு பொத்தானில் கொண்டுவந்திருப்பேன். டெஸ்ட் வரும்வரை ரிஸ்கி விதிகளைத் தொட வேண்டாம்.

இன்னொரு செலவு மனதில் நடக்கிறது. வரிசையாக அழகாக இருக்கும் கோடு, சரியான கோடு மாதிரித் தெரியும். பார்க்கிறவர் கவனம் தளர்ந்துவிடும்.

## மூன்றாம் வழி: தொடும் இடத்தில் மட்டும், டெஸ்ட் போட்டுத் திருத்துவது

ஒரு மாற்றம் கேட்டு வரும்போது, அந்த இடத்தைச் சுற்றி டெஸ்ட் எழுதி, அந்த ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டை) மட்டும் இன்றைய ஸ்டைலுக்குக் கொண்டுவந்து, பிறகு கேட்ட மாற்றத்தைச் செய்வது. மாற்றம் கேட்காத இடத்தைத் தொடுவதில்லை.

வரிசை முக்கியம். பலர் முதலில் கோடை அழகாக்கிவிட்டு, "இப்போது டெஸ்ட் எழுத வசதியாக இருக்கிறது" என்று பிறகு டெஸ்ட் எழுதுகிறார்கள். அந்த டெஸ்ட் சொல்வதெல்லாம் புதுக் கோடு புதுக் கோடு மாதிரியே ஓடுகிறது என்பதுதான். பழையதிலிருந்து வழியில் எது மாறிப்போனது என்று அதற்குத் தெரியாது. அசிங்கமான கோடு இருக்கும்போதே அதன் நடத்தையைப் பிடித்துவிட வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? ஆலையில் பில் போடும் ஃபங்ஷன் 900 வரி. உள்ளேயே டேட்டாபேஸைத் திறக்கும், உள்ளேயே இன்றைய தேதியை எடுக்கும், கடைசியில் நேராகத் திரையில் அச்சடித்துவிடும். பாடப் புத்தகத்தில் சொல்வதுபோல் ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் டெஸ்ட் எழுத அங்கே இடமே இல்லை. நான் செய்தது இவ்வளவுதான். தேதியை உள்ளே எடுக்காமல் வெளியிலிருந்து கொடுக்கும்படி ஒரே ஒரு வரியை மாற்றினேன். திரைக்குப் போகும் எழுத்தைப் பிஎச்பியின் ஓபி_ஸ்டார்ட் கொண்டு நடுவில் பிடித்தேன். டேட்டாபேஸின் ஒரு நகலை எடுத்து, பழைய பில்களில் 1,200ஐ அந்த ஃபங்ஷன் வழியாகத் திரும்ப ஓட்டி, வந்த எழுத்தை ஒவ்வொரு ஃபைலாகச் சேமித்தேன். அவ்வளவுதான் டெஸ்ட். இனி எதை மாற்றினாலும் அந்த 1,200ஐயும் ஓட்டி, சேமித்ததோடு ஒப்பிடும். ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும். எழுத ஒரு நாள் ஆனது.

இந்த டெஸ்ட் கோடு சரியா தவறா என்று சொல்லாது. நேற்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே என்று மட்டும் சொல்லும். பழைய கோடுக்கு முதலில் வேண்டியது அதுதான். 1,200இல் பழைய தவறுகளும் இருந்தன. இரண்டு பில்லில் இறக்குக்கூலி இரண்டு தடவை ஏறியிருந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே பிடித்துவைத்து, பட்டியலில் எழுதிக்கொண்டேன். தவறைத் திருத்துவது தனி வேலை, தனிக் கமிட். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான்.

அதற்குப் பிறகு ஸ்டைல் வேலை எவ்வளவு எளிதாகிறது என்பதை அனுபவித்தால்தான் தெரியும். 900 வரியை 14 சின்ன ஃபங்ஷன்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டையும் வெட்டியதும் ஓட்டினேன். எல்லாம் ஒத்துப்போய்ப் பச்சை வந்தால் கமிட், ஏதாவது மாறிச் சிவப்பு வந்தால் பின்வாங்கு. பிரித்து முடித்த துண்டுகளுக்குப் பிஎச்பியூனிட் என்ற டெஸ்ட் கருவியில் முறையான டெஸ்ட் எழுதினேன்.

உள்ளே ஒரு எண் கிடந்தது: 21. எந்த விளக்கமும் இல்லை. என்னோடு வேலை பார்த்த பையன், மதுரைக்கு வடக்கே இருந்து வந்தவன், "இது 20ஆத்தான் இருக்கணும், டைப்பிங் மிஸ்டேக்" என்று மாற்றிவிட்டான். ஓட்டியதும் 31 பில் சிவப்பாக நின்றது. எல்லாமே குத்தகை நெல் பில். நம் பக்கத்தில் ஒரு கோட்டை நெல் என்றால் 21 மரக்கால். பழைய குத்தகைச் சீட்டுகளில் இன்றும் கோட்டைக் கணக்குதான். அந்த எண்ணை எடுத்து "கோட்டைக்கு மரக்கால்" என்று பெயர் வைத்தோம். புதுக் கோடிங் ஸ்டைலில் "வெறும் எண்ணை விடாதே, பெயர் வை" என்று ஒரு விதி உண்டு. அந்த விதி எதற்கு என்று அந்தப் பையனுக்கு அன்றைக்குப் புரிந்த மாதிரி எந்த வகுப்பிலும் புரிந்திருக்காது.

இந்த வழி தன் விலையைத் திரும்பக் கொடுத்த நாளும் ஒன்று உண்டு. 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை என்று விதி வந்தது. ஊரெல்லாம் 26 கிலோ பை முளைத்தது அப்போதுதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி முதன்முதலில் வந்தபோது இந்தக் கோடோடு நான் ஒன்பது நாள் மல்லுக்கட்டினேன். 2022இல் அரை நாள். 24.9, 25, 25.1, 26 என்று நான்கு எடைக்கு நான்கு டெஸ்ட் எழுதினேன். 25க்கு வரி உண்டு, 25.1க்கு இல்லை. "குறைவு" என்று போடுவதா, "குறைவு அல்லது சமம்" என்று போடுவதா என்பதில்தான் அந்த விதியின் உயிரே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22இல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருட்களுக்குப் போனபோது, மளிகைக் கடைப் புரோகிராம் வைத்திருந்த நண்பர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். வரி விகிதம் கோடுக்குள் நாற்பது இடத்தில் எழுதிக் கிடந்தவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

பைத்தான் 2இலிருந்து வருபவர்களுக்கும் இதே டெஸ்ட்தான் காவல். 7ஐ 2ஆல் வகுத்தால் அங்கே 3, பைத்தான் 3இல் 3.5. இது பலருக்குத் தெரியும். தெரியாதது ரவுண்ட், அதாவது முழு எண்ணாக்குவது. 2.5ஐ ரவுண்ட் செய்தால் பைத்தான் 2 மூன்று என்றது, பைத்தான் 3 இரண்டு என்கிறது, பாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் போகும். 250 ரூபாய் 50 பைசா பில் 251ஆக இருந்தது 250 ஆகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

சரி, இதன் செலவு என்ன? பல வருடத்துக்கு இரண்டு ஸ்டைல் ஒரே வீட்டில் குடியிருக்கும். புதிதாக வருபவர் எதைப் பார்த்து எழுதுவது என்று குழம்புவார். எது நம் ஸ்டைல் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு நல்ல ஃபைலை மாதிரியாகக் காட்ட வேண்டும். கோடை ஓட்டாமலே குறை கண்டுபிடிக்கும் பிஎச்பிஸ்டான் போன்ற கருவியில் ஏற்கெனவே உள்ள குறைகளை ஒரு அடிப்படைப் பட்டியலாக உறையவைத்துவிட்டு, புதிதாக வரும் குறைகளை மட்டும் காட்டச் சொல்லலாம். பட்டியல் மாதாமாதம் சுருங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு செலவு, முதல் சில மாற்றங்கள் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். முதலாளிக்குத் திரையில் ஒன்றும் புதிதாகத் தெரியாது. "எதுக்கு இத்தன நாளு?" என்று கேட்பார். நான் அண்ணாச்சியிடம் தனியாக "டெஸ்ட் எழுதக் காசு" என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்தின் விலையிலும் அது சேர்ந்தே இருக்கும், தச்சர் அளவெடுக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி கேட்பதில்லையே.

## நான்காம் வழி: மொத்தமாகத் திரும்ப எழுதுவது

சுரண்டைத் தம்பியின் மனது இதில்தான் இருந்தது. புரிகிறது. வேறு ஒருவர் கோடைப் படிப்பதைவிட நாமே எழுதுவது சுகம். ஆனால் இதுவரை செய்ததில் எனக்கு மிகக் கடுமையாக அடி விழுந்தது இதில்தான்.

உலகத்துக்கே தெரிந்த உதாரணம் நெட்ஸ்கேப். 1998இல் பழைய பிரவுசர் கோடை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். நெட்ஸ்கேப் 6 வந்தது 2000 நவம்பரில். 5 வரவே இல்லை. அதற்குள் சந்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கைக்குப் போயிருந்தது.

நம் அளவில் செலவு வேறு மாதிரி வரும். புதியது தயாராகும்வரை பழையதையும் பராமரிக்க வேண்டும், நடுவில் வரி விதி மாறினால் இரண்டிலும் மாற்ற வேண்டும். கோடுக்குள் மட்டும் இருந்த விதிகள் தொலையும்: 21 மரக்கால், ரொக்கம் என்ற எழுத்து, தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் கழியும் ஏதோ ஒரு தள்ளுபடி. பாதியில் நின்றால் மிஞ்சுவது பூஜ்யம்.

தமிழ் டேட்டா இருந்தால் இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடை 2010 ஜூனில் தமிழக அரசு ஏற்கும்வரை, அதற்குப் பிறகும் பல வருடம், கடைப் புரோகிராம்களில் தமிழ் என்பது ஒரு ஃபான்ட் மட்டும்தான். டேட்டாபேஸில் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். கொம்பு முதலில், மெய் பிறகு என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமித்திருப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. மாற்றும் கருவிகள் இதைச் செய்துவிடும். ஆனால் பழைய ஃபான்ட்களில் ஔகாரத்தின் பின்குறியும் ள என்ற எழுத்தும் ஒரே வடிவம், ஒரே விசை. ஆலை டேட்டாவை மாற்றிப் பார்த்தபோது "வெள்ளைப் பொன்னி" எல்லாம் "வௌ்ளைப் பொன்னி" ஆகியிருந்தது. திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். தேடினால் கிடைக்காது. இருப்புக் கணக்கில் ஒரே அரிசி இரண்டு பெயரில் நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் போனது.

அப்படியானால் எப்போது இது சரி? மூன்று நிலைமையில் நானே இதைச் சொல்வேன். மூலக் கோடே தொலைந்துபோய், ஓடும் ஃபைல் மட்டும் மிஞ்சியிருந்தால். தரை முழுதாகப் போய்விட்டால். விஷுவல் பேசிக் 6க்கான எடிட்டருக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்தது, அதில் இன்னும் இருப்பவர்கள் பெயர்ந்தே ஆக வேண்டும். அல்லது கோடு சின்னதாக, விதிகள் எழுத்தில் தெளிவாக இருந்தால். ஆயிரம் வரிக்குள் உள்ளதைத் தயங்காமல் எழுதலாம்.

பெரிய கோடை மாற்றியே தீர வேண்டும் என்றால், ஒரே நாளில் மாற்றாதீர்கள். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் பனையின்மேல் முளைத்த ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். பறவை போட்ட விதை, மட்டை இடுக்கில் முளைத்து, விழுது இறக்கிப் பனையைச் சுற்றி வளரும். பனை நிற்கும்போதே ஆலும் நிற்கும், ஒரு நாள் உள்ளே பனை இருக்காது. மென்பொருளிலும் இப்படிப்பட்ட மரத்தின் பெயரில், ஸ்ட்ராங்லர் ஃபிக் என்று, ஒரு முறை உண்டு. பழைய புரோகிராமுக்கு முன்னால் ஒரு வாசல் வைத்து, ஒரு திரையை மட்டும் புதியதற்குத் திருப்புவது, அது நின்ற பிறகு அடுத்தது. ஆலையில் இருப்பு அறிக்கைகளை இப்படித்தான் மாற்றினேன். எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் பகுதி என்பதால் பயமில்லை. ஒரு மாதம் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். பாதியில் நிறுத்தியிருந்தாலும் மாற்றிய திரைகள் மிஞ்சியிருக்கும்.

## ஏ.ஐ.யிடம் கொடுத்தால்?

இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். இதை ஐந்தாம் வழியாக நான் எண்ணவில்லை. மேலே உள்ள எந்த வழியிலும் வேகமாக வேலை செய்யும் ஆள் அது. விளக்கம் இல்லாத ஃபங்ஷனைப் படித்துச் சொல்ல, டெஸ்ட்டுக்கு மாதிரி டேட்டா உருவாக்க, பெயர் மாற்ற மிக நன்றாக உதவுகிறது. ஆனால் 21 ஏன் என்று அதற்கு ஆலையில் யாரும் சொல்லித்தரவில்லை. இரட்டைச் சமக்குறியை நல்ல எண்ணத்தோடே மூன்றாக்கிவிடும். டெஸ்ட் இல்லாத பகுதியில் அது எழுதியதை நான் ஏற்பதில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| | தொடாமல் விடுதல் | ஃபார்மேட்டர் மட்டும் | டெஸ்ட் போட்டுத் திருத்தல் | திரும்ப எழுதுதல் |
|---|---|---|---|---|
| எந்தக் கோடுக்கு | வருடத்துக்கு ஒரு முறைகூட மாறாதது | பல பேர் தொடுவது | அடிக்கடி மாறுவது, பணம் சம்பந்தப்பட்டது | மூலம் தொலைந்தது, தரை போனது, மிகச் சின்னது |
| முதல் செலவு | நகல் எடுக்கும் நேரம் | அரை நாள் | டெஸ்ட்டுக்கு ஓரிரு நாள், பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் | மாதக்கணக்கில் |
| ஒளிந்திருக்கும் செலவு | தரை மாறும் நாளில் மொத்தமாக | வரலாறு மறைதல், பொய்த் தைரியம் | இரண்டு ஸ்டைல் நெடுநாள் கூட இருத்தல் | விதிகள் தொலைதல், இரட்டைப் பராமரிப்பு, டேட்டா மாற்றம் |
| பாதியில் நின்றால் | இருந்தது இருக்கும் | செய்தவரை லாபம் | செய்தவரை லாபம் | மொத்தமாக என்றால் ஒன்றுமில்லை. திரை திரையாக என்றால் முடிந்தவரை |

## கேட்ட இரண்டு பேருக்கும்

தங்கச்சிக்கு: ஃபார்மேட் செய்யுங்கள், தனிக் கமிட்டாக, பிராஞ்ச்கள் எல்லாம் மூடிய நாளில். அதோடு "மாடர்ன் ஆக்கிவிட்டோம்" என்று பலகையில் எழுத வேண்டாம். அடுத்த வாரமே மாற்ற எண்ணிக்கையை எடுத்து, முதலில் வரும் மூன்று ஃபைல்களுக்கு நடத்தையைப் பிடிக்கும் டெஸ்ட் எழுதுங்கள். பைத்தான் 2 மிச்சம் ஏதாவது இருந்தால் ரவுண்ட் வரும் இடங்களை முதலில் தேடுங்கள்.

தம்பிக்கு: திரும்ப எழுத வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் கடையில் கார் பருவத்துக்கு விதை விற்கும் நாட்களில் எதையும் தொட முடியாது, அதற்கு முன் இருக்கும் ஆறு வாரத்தில் பில் ஃபங்ஷனை மட்டும் பிடியுங்கள். பழைய பில்களை நகல் டேட்டாபேஸில் ஓட்டி, கடைக்காரர் ஃபைலில் வைத்திருக்கும் காகிதப் பில்லோடு ஒப்பிடுங்கள்.

முந்தாநாள் இரவு தம்பி கூப்பிட்டார். 300 பில் ஓட்டியிருக்கிறார். 296 ஒத்துப்போகிறது. நான்கு பில்லில் மட்டும் காகிதத்தில் ஒரு தொகை, கம்ப்யூட்டரில் ஒரு தொகை. நான்கும் ஒரே பூச்சி மருந்து, நான்கும் ஒரே மாதத்து பில். கோடை இன்னும் தொடவில்லை என்றார். நல்லது, தொட வேண்டாம், முதலில் அந்த நான்கு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய் அந்த மாதம் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.